அரசுப் பள்ளிக்கு 3 லட்சம் சேர்ந்திருக்கிறது, எதற்குச் செலவு செய்யலாம்?

பதிவு 1 | மேலத்தெரு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் 1999-ல் ப்ளஸ் டூ முடித்த செட். தேனி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பேசி இரண்டு வருஷத்தில் 3 லட்சம் ரூபாய் சேர்த்துவிட்டோம். சவூதியில் டிரைவராக இருப்பவர் முதல் கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர் வரை 61 பேர் கொடுத்த பணம். இப்போது எதற்குச் செலவு செய்வது என்பதில் இழுபறி. பாதிப் பேர் ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார்கள். சிலர் பள்ளி வாசலில் வளைவு கட்டி, பேர் போடலாம் என்கிறார்கள்.

எனக்கு மனசு வேறு இடத்தில் இருக்கிறது. போன ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ப்ளஸ் டூ பாஸான ஒரு பையன், எங்கள் பக்கத்து வீடு, 600-க்கு 431 வாங்கியவன், நூல் மில் வேனுக்காகக் காலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் நிற்கிறான். “ஏன்டா படிக்கப் போகலியா?” என்று கேட்டால், “எங்க, எப்படி அப்ளை பண்றதுன்னு தெரியல மாமா, தேதி முடிஞ்சிருச்சு” என்கிறான். அதிலிருந்து வளைவைப் பற்றிய பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி இரண்டு. பணத்தைப் பள்ளியிடம் நேரடியாகக் கொடுக்கலாமா, ஏதாவது அமைப்பு வழியாகவா? பிள்ளைகள் படித்து முடித்து அடுத்த படி ஏறுவதற்கு இந்தத் தொகையில் என்ன செய்ய முடியும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | கரும்பலகை

தம்பி, நான் 34 வருஷம் அரசுப் பள்ளியில் இருந்தேன், அதில் கடைசி 9 வருஷம் தலைமையாசிரியர். வளைவு வேண்டாம். வளைவு கட்டின பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல் பெண் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதைப் பார்த்தவன் நான்.

ஊர் பணம் போட்டுப் பள்ளியை நிமிர்த்துவது நமக்குப் புதிது இல்லை. 1958-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். பிறகு மாநிலம் முழுக்க அந்த மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, தேசப்படம், நிலம், சீருடை என்று ஜனங்கள் கொடுத்தார்கள். அதில் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது ஒன்று: பள்ளிக்கு என்ன தேவை என்ற பட்டியல் முதலில் தயாரானது. அதைப் பார்த்துத்தான் ஊர் கொடுத்தது. நீங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருளைத் தேடுகிறீர்கள். முதலில் பட்டியலைக் கேளுங்கள்.

இன்னொன்று. கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் மாதிரி வேலை என்றால் உங்கள் பணத்தை மூன்று மடங்காக்க வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் வந்தது, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021-ல் மறுபடி பழைய பெயருக்கே வந்தது. வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் 1 லட்சம் கட்டினால் 3 லட்சத்துக்கு வேலை நடக்கும். கையில் இருக்கும் பணத்தில் நேரடியாகக் கொத்தனாரைப் பிடித்து வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள். இதை விசாரிக்காமல் செலவு செய்த ஊர்கள் நிறைய.

பதிவு 3 | வேப்பம்பூ

ஸ்மார்ட் போர்டு பற்றி ஒரு வார்த்தை. என் மகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு கம்பெனி இரண்டு கொடுத்தது. திறப்பு விழா, மாலை, போட்டோ எல்லாம் நடந்தது. எட்டாவது மாதம் ஒன்றில் டிஸ்ப்ளே போனது. பழுது பார்க்க யாரிடம் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் அந்த வேலையைப் பார்த்த ஆள் மாறிவிட்டார். இன்றைக்கும் அது துணி போர்த்தி ஆய்வகத்தின் மூலையில் நிற்கிறது. வாங்குவதாக இருந்தால் மூன்று வருஷப் பராமரிப்பையும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாதென்றால் வாங்காதீர்கள்.

பதிவு 4 | பருத்திக்காடு

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். எங்களுடையது விருதுநகர் பக்கம். மேலத்தெரு அண்ணாவிடம் ஒரு கேள்வி: உங்கள் 61 பேரில் யாராவது உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்களா? 2024-ல் குழுக்களை மாற்றி அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கையை 20-லிருந்து 24 ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த இடத்தில் உங்கள் ஆள் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

நான் உறுப்பினரானபோது எனக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். மூன்றாவது கூட்டத்தில்தான் “டீச்சர், பள்ளிக்கு வருஷத்துக்கு எவ்வளவு வருது?” என்று கேட்டேன். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 30 பிள்ளைகள் வரை இருந்தால் 10,000 ரூபாய். 250-க்கு மேல் 1,000 வரை என்றால் 75,000. அதற்கும் மேல் போனால் 1 லட்சம். எங்கள் பள்ளியில் 600 பிள்ளைகள். வகுத்துப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 125 ரூபாய். சாக்பீஸ், மின்சாரச் சாமான், ஆய்வகப் பொருள், குழாய் ரிப்பேர், துடைப்பம், பினாயில் எல்லாம் அதில்தான் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்பது விதி.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படித்த அன்றைக்குத்தான் மற்ற அம்மாக்கள் வாய் திறந்தார்கள். அதுவரைக்கும் “சார் எங்கயோ பணத்த வச்சுக்கிட்டு செய்ய மாட்டேங்குறாரு” என்ற நினைப்பு இருந்தது. பாவம், அவர் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு வெளியே வந்ததும் ஒருவர் மோட்டார் கொடுத்தார், ஒருவர் 40 நாள் பிளம்பர் வேலை பார்த்துக் கொடுத்தார். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று நாங்கள் எழுதி வைக்கும் பட்டியல் இருக்கிறது, கரும்பலகை ஐயா சொல்வது அதுதான். உங்கள் பள்ளியிலும் இருக்கும். வாங்கிப் பாருங்கள்.

பதிவு 5 | நடுவானம்

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இதையெல்லாம் நாம் ஏன் செய்ய வேண்டும்? 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் வரி கட்டுகிறோம். முன்னாள் மாணவர்கள் ஒவ்வொரு குறையையும் அடைத்துக்கொண்டே போனால், “ஊர்க்காரன் பாத்துக்குவான்” என்று அரசு கையைக் கழுவிவிடாதா? பணக்கார முன்னாள் மாணவர் இருக்கும் ஊர்ப் பள்ளி நன்றாக இருக்கும், மலைக்கிராமப் பள்ளி அப்படியே கிடக்கும்.

பதிவு 6 | கரும்பலகை

நியாயமான கேள்வி நடுவானம். அந்த 46,767 கோடியில் மிகப் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். அது வீண் செலவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? ஆனால் பள்ளி தன் கையால் எடுத்துச் செலவு செய்யும் பணம் பருத்திக்காடு அம்மா சொன்ன அளவுதான். அந்தச் சின்னத் தொகையும் நிற்கும்போதுதான் வலிக்கிறது.

சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024-25-க்கு நமக்கு வர வேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. போட்டால் புதிய கல்விக் கொள்கையை முழுசாக ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று மாநிலம் மறுத்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. கொள்கையில் யார் சரி என்று ஆயிரம் பேசலாம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளமும், மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான வேன் செலவும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது. ஒரு கொள்கைச் சண்டையைப் பிள்ளைகளின் வேன் கட்டணத்தின்மேல் நடத்தக் கூடாது. இதை நான் எந்தக் கட்சிக்காரனாகவும் சொல்லவில்லை.

ஆகவே அரசை விட்டுவிட வேண்டாம். கொடுப்பதையும் கேட்பதையும் ஒரே ஆள் செய்யலாம். மூன்றில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம், மீதியைத் தாருங்கள் என்று ஆட்சியர் முன்னால் போய் நிற்கிறவனின் குரலுக்கு எடை அதிகம்.

பதிவு 7 | தறிச்சத்தம்

நான் ஒரு நிறுவனத்தில் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவைக் கவனிக்கும் வேலை பார்க்கிறேன். ஸ்மார்ட் போர்டும் சுவர் ஓவியமும் ஏன் இவ்வளவு வருகின்றன என்பதை உள்ளே இருந்து சொல்கிறேன்.

2013 கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவு செய்ய வேண்டும். கல்வியும் தொழிற்திறன் பயிற்சியும் அதில் வரும். மார்ச் 31 நெருங்கும்போது செலவாகாத தொகை மேசையில் இருக்கும். நீண்ட காலத் திட்டம் என்று முன்கூட்டியே காட்டியிருந்தால் தனிக் கணக்கில் போட்டு மூன்று வருஷத்துக்குள் செலவழிக்கலாம். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் அரசு நிதிக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் சீக்கிரம் பில் கிடைப்பது பொருளுக்கு. ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு மூன்று வருஷச் சம்பளம் என்று நான் எழுதிக்கொண்டு போனால், “போட்டோவில் என்ன காட்டுவது?” என்று கேட்கிறார்கள். நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவது அந்த மனுஷர்தான்.

இன்னொரு குறை, கம்பெனிப் பணம் ஆலை இருக்கும் பக்கமே சுற்றும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை. தேனிக்கும் திருவாரூருக்கும் தேடித்தான் போக வேண்டும். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று 2022 டிசம்பர் 19-ல் அரசு தொடங்கிய அமைப்பு இந்த இடைவெளிக்காகத்தான். தொடங்கியபோது தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவர், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதர். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் எதற்கு என்ன வேண்டும் என்று பார்த்து, நீங்களே பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். மேலத்தெரு சார், உங்கள் பள்ளியின் தேவைகள் அங்கே ஏறியிருக்கின்றனவா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஏறியிருந்தால் உங்கள் 3 லட்சத்துக்கு மேல் வேறு யாராவது சேர்த்துப் போட வாய்ப்பு உண்டு.

பதிவு 8 | கத்தார்க்காற்று

தோஹாவிலிருந்து. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் போடும்போது ஒரு சட்ட விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைதான். அதை எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். உங்கள் குழுவில் அமெரிக்கா, கனடா குடிமக்கள் இருந்தால் அவர்கள் பங்கைத் தனியாகப் பாருங்கள். அமெரிக்காவில் 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு அறக்கட்டளை, 1991-ல் பெர்க்லியில் மாணவர்கள் ஆரம்பித்த ஆஷா ஃபார் எஜுகேஷன் மாதிரி அமைப்புகள் வழியாக அனுப்புகிறவர்கள் நிறைய.

பதிவு 9 | ஏழாங்கல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்த நூல் மில் வேன் வரி விடவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. 2017-ல் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ. ரிசல்ட் வந்த மறுநாளே காலை எட்டு மணிக்கு ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மார்க்கை அவர்தான் எங்களுக்குப் படித்துக் காட்டினார். மேல்நிலை வகுப்பில் கொடுத்த போன் நம்பர் அவருக்கு எப்படிப் போனது என்று இன்றைக்கும் புரியவில்லை. “கவுன்சிலிங் எல்லாம் பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு, சீட் போயிடும், இப்பவே 15 ஆயிரம் கட்டுங்க” என்றார். அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டினார். எனக்குக் கிடைத்த கட்-ஆஃபுக்கு நல்ல அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கும், முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக் கட்டணமும் குறைந்திருக்கும். அது எனக்குத் தெரிந்தது இரண்டாம் வருஷத்தில், விடுதியில் பக்கத்துப் படுக்கைப் பெண் சொல்லி. நான்கு வருஷமும் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் கட்டினோம். அந்தக் கம்மல் திரும்பி வரவே இல்லை.

எனக்கு அறிவு இல்லாமல் போகவில்லை, ஆள் இல்லாமல் போனது. அந்த இரண்டு வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து “அவசரப்படாதே, இதைப் பார்” என்று சொல்ல ஒரே ஒரு ஆள்.

இப்போது நான் வேலை பார்த்துக்கொண்டே ஒரு தன்னார்வக் குழுவோடு சேர்ந்து ஒவ்வொரு மே மாதமும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் போன் செய்கிறேன். 2006-ல் தொடங்கிய அகரம் மாதிரி அமைப்புகள் முதல் தலைமுறைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரி முடியும்வரை தாங்குகின்றன. ஆனால் அவர்களால் எடுக்க முடிகிறது சில நூறு பேர். மீதிப் பிள்ளைகளுக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. நான் படித்தபோது இல்லாதவை எவ்வளவோ இன்றைக்கு இருக்கின்றன. ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு: 2020-ல் மருத்துவத்துக்கு, அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும். அதில் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலிருந்து, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலிருந்து, மாதம் 1,000 ரூபாய். நான் முதல்வன் 2022 மார்ச்சில் வந்தது, அதன் கீழ் கல்லூரிக் கனவு முகாம், எங்கேயும் சேராத பிள்ளைகளுக்கு உயர்வுக்குப் படி முகாம். பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவரும் இருக்கிறார்.

இத்தனை இருந்தும் பிள்ளை எங்கே விழுகிறது தெரியுமா? சான்றிதழில். வருமானச் சான்று காலாவதி. சாதிச் சான்றில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு அண்ணனின் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள், அண்ணன் திருப்பூரில் இருப்பான். இ-சேவை மையத்துக்கு இரண்டு நாள் அலைந்தால் அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி போகும். பொறியியல் கவுன்சிலிங் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. அந்தப் பணம் வீட்டில் இருக்கும் நாளும் கடைசித் தேதியும் ஒன்றாக வருவதில்லை. நான் ஒரு வருஷத்தில் பேசிய 70 பேரில் படிக்க விருப்பமில்லை என்று சொன்னவர்கள் நான்கே பேர்.

அண்ணா, உங்கள் பணத்தில் ஒரு ஆளைப் போடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

பதிவு 10 | பருத்திக்காடு

ஏழாங்கல், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் பதிவை எங்கள் குழுக் கூட்டத்தில் படிக்கப் போகிறேன், அனுமதி வேண்டும்.

பதிவு 11 | ஏழாங்கல்

தாராளமாகப் படியுங்கள் அக்கா. சான்றிதழ் வேலையை ப்ளஸ் ஒன்னிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மே மாதத்துக்கு விடாதீர்கள்.

பதிவு 12 | அரமும் உளியும்

நான் மேல்நிலைத் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் கல்லூரியையே பேசுகிறீர்கள், எனக்கு அதில் ஒரு சங்கடம்.

1978-ல் ப்ளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவுகளும் வந்தன. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின்னியல், வேளாண் அறிவியல், நெசவியல், செவிலியம், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும், அலுவலக மேலாண்மை. என் மாணவர்களில் கடைசல் இயந்திரத்தில் கை பழகிப் போய்ச் சொந்தப் பட்டறை வைத்தவர்கள் பதினொரு பேரை எனக்கு நேரடியாகத் தெரியும். பிறகு என்ன ஆனது? ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல் கிடந்தது. இயந்திரம் துருப்பிடித்தது. “மார்க் வராதவனைப் போடுற குரூப்” என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் ஒரு தண்டைக் கடைந்து எடுப்பவன் எந்த விதத்தில் குறைந்தவன்?

பத்தாவதோ ப்ளஸ் டூவோ முடித்துவிட்டு ஐ.டி.ஐ. போகும் பிள்ளைக்குப் பாதை மூடிவிடுவதில்லை. ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. பாலிடெக்னிக் முடித்தால் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் அந்த 1,000 ரூபாயும் சேரும். டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை இந்தக் காலத்து இயந்திரங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே போய்ப் பார்த்தால் ரோபோவும் கணினிக் கடைசலும் நிற்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலைப் பார்த்திருக்கிறார்கள்?

ஆகவே ஒரு யோசனை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து ஐ.டி.ஐ., ஒரு பாலிடெக்னிக், ஒரு அரசுக் கலைக் கல்லூரி, மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு வாருங்கள். அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை யாராவது இருந்தால் அவனையே பேசச் சொல்லுங்கள். பெற்றோர் பத்துப் பேரையும் கூட்டிப் போங்கள். வாடகை பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்து 20 ஆயிரத்துக்குள் முடியும்.

பதிவு 13 | நடுவானம்

அரமும் உளியும் ஐயா, மறுப்பு இல்லை, ஒரு பயம் மட்டும். எந்தப் பிள்ளையை ஐ.டி.ஐ.க்கு அனுப்புவோம், எந்தப் பிள்ளையை இன்ஜினியரிங் அனுப்புவோம்? வசதியில்லாத, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் “கைத்தொழில் கத்துக்கோ” என்று சொல்லிப் பழகிய நாடு இது. 1953-ல் பள்ளியில் பாதி நாள் பாடம், பாதி நாள் வீட்டுத் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து இங்கே எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது! அந்த நினைவு இருப்பதால்தான் கேட்கிறேன்.

பதிவு 14 | அரமும் உளியும்

நீங்கள் பயப்படுவது சரி. நானும் அந்தப் போராட்டக் கதை கேட்டு வளர்ந்தவன்தான். என் அப்பா சலவைத் தொழிலாளி. அப்பன் தொழிலைப் பிள்ளைமேல் கட்டுவதற்கும், பிள்ளை தானாகப் பார்த்து ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கும் இடையே உள்ள தூரம் எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்று வாசலையும் காட்டச் சொன்னேன். மார்க் குறைந்தவனுக்கு மட்டும் ஐ.டி.ஐ.யைக் காட்டினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். பஸ்ஸில் முதல் ரேங்க் பெண்ணும் ஏறட்டும்.

பதிவு 15 | மேலத்தெரு

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து எங்கள் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு போனேன். ஏழாங்கல் எழுதியதை நானே படித்தேன், பாதியில் என்னால் முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் படித்தார். வளைவு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த நண்பர்தான் முதலில் பேசினார். அவர் தங்கைக்கும் அப்படி ஒரு ஏஜென்ட் வந்தாராம்.

அடுத்த நாள் தலைமையாசிரியரைப் பார்த்தோம். மேம்பாட்டுத் திட்டப் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். ஸ்மார்ட் போர்டு அதில் இல்லை. பெண்கள் கழிப்பறைக்குக் குழாய் இணைப்பும் தண்ணீர்த் தொட்டியும் முதல் வரியில் இருந்தது, மூன்று வருஷமாக இருக்கிறதாம்.

இப்போதைக்கு எங்கள் கணக்கு இது. 1 லட்சம் நமக்கு நாமே பங்கு, கழிப்பறைக்கும் தண்ணீருக்கும். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மீதி 2 லட்சத்தில், எங்கள் ஊரிலேயே பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வழிகாட்டி ஆசிரியருக்குத் துணையாக வைக்கிறோம், மாதம் 8,000, ஆறு மாதத்துக்கு 48,000. பஸ் பயணத்துக்கு 20,000. பாக்கி 1,32,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், போக்குவரத்து, ஐ.டி.ஐ. போகும் பிள்ளைக்குக் கருவிப் பெட்டி, விடுதியில் முதல் மாதச் செலவு இதற்கெல்லாம். ப்ளஸ் டூவில் இந்த வருஷம் 118 பேர். இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

பதிவு 16 | கரும்பலகை

ஓட்டை மூன்று இடத்தில். அந்தப் பெண்ணைப் பள்ளிக்குள் வைப்பதற்கு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். இது இல்லாமல் வெளியாள் ஒருவர் பிள்ளைகளின் போன் நம்பரைத் தொடக் கூடாது, ஏஜென்டுக்கு நம்பர் போன கதையைத்தான் இப்போது படித்தோம். இரண்டாவது, கொடுக்கும் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும், பணத்துக்கு ரசீது வேண்டும். மூன்றாவது, 1,32,000-த்தை யாருக்குக் கொடுப்பது என்பதை உங்கள் குழு மட்டும் முடிவு செய்யாதீர்கள். வகுப்பாசிரியர், இரண்டு தாய்மார், உங்கள் ஆள் ஒருவர் என்று நான்கு பேர் கையெழுத்து.

பதிவு 17 | தறிச்சத்தம்

48,000 என்ற தொகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நடுத்தர ஸ்மார்ட் போர்டு விலையைவிடக் குறைவு. இந்த ஆறு மாதத்தில் 118 பேரில் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் சார். சேராதவர் பெயரும், ஏன் சேரவில்லை என்பதும். அந்த நோட்டை என்னிடம் காட்டுங்கள். அடுத்த வருஷம் எங்கள் மேசையில் வைத்து, பக்கத்துப் பத்துப் பள்ளிக்கு இதே மாதிரி ஆள் கேட்டு நான் வாதாடுகிறேன். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, வாதாடுவேன்.

பதிவு 18 | வேப்பம்பூ

ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் 7.5 என்றீர்கள். என் அக்கா மகன் எட்டாவது வரை ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இடத்தில் தனியார் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. அவனுக்கு உண்டா?

பதிவு 19 | ஏழாங்கல்

உண்டு. எட்டு வரை ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் தனியாரில் படித்து, ஒன்பது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளையும் சட்டம் சேர்த்திருக்கிறது. அந்தப் பழைய பள்ளியில் ஆர்.டி.இ.யில்தான் சேர்ந்தான் என்பதற்கான சான்றை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கல்வி உதவி எண் 14417-க்குக் கூப்பிடலாம்.

பதிவு 20 | மேலத்தெரு

நன்றி ஐயா, மூன்றையும் எழுதிக்கொண்டேன். மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை, தீர்மானத்தை அன்றைக்கு வைக்கிறோம்.

ஒரு செய்தி. அந்தப் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனில் பேசினேன். ப்ளஸ் டூ முடித்தவனும் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு போகலாம் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. வருமானச் சான்றுக்கு நாளைக்கு லீவு போட்டுவிட்டு இ-சேவை மையம் போகிறான். மில்லில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்றான். அதை நான் போட்டுவிட்டேன்.

ஏழாங்கல், ரிசல்ட் வரும் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு முன்னால் எங்கள் பள்ளி வாசலில் ஒரு மேசை போட்டு உட்காரலாம் என்று இருக்கிறோம். நீங்கள் வர முடியுமா? தேனி பஸ் நிலையத்துக்கு வண்டி அனுப்புகிறேன்.

பதிவு 21 | ஏழாங்கல்

ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன் அண்ணா. அம்மாவையும் கூட்டி வருகிறேன், தாய்மார்களிடம் அவர் பேசட்டும்.